விசா வந்தாச்சு, டிக்கெட் போட்டாச்சு. முதல் இரவு எங்கே தங்குவது?

வெளிநாட்டு வேலைக்கு விசா வந்துவிட்டது என்று ஒரு வீட்டில் சொன்னால், அக்கம்பக்கத்தார் கேட்கும் கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். எந்த நாடு? என்ன வேலை? சம்பளம் எவ்வளவு? சாப்பாடு கம்பெனி தருமா? லீவு எப்போது? "போய் எறங்குற அன்னைக்கு ராத்திரி எங்க தங்குவே?" என்று கேட்பது பெரும்பாலும் உம்மா மட்டும்தான். அதற்குப் பையன் சொல்லும் பதிலும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்மா."

கம்பெனி பார்த்துக்கொள்கிறதா? சில இடங்களில் பார்த்துக்கொள்கிறது. பல இடங்களில் இல்லை. பார்த்துக்கொள்ளும் இடத்திலும் எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பது 2024 ஜூன் 12 அன்று குவைத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் நம் தெருவிலிருந்து தொடங்கலாம்.

தாம்பரம் – வேளச்சேரி சாலையில் மேடவாக்கம் கூட்ரோட்டைச் சுற்றி எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் மின்கம்பத்திலோ சுவரிலோ ஒரு விளம்பரம் கண்ணில் படும். ஜென்ட்ஸ் ஹாஸ்டல், டூ ஷேரிங், ஃபோர் ஷேரிங், சாப்பாட்டுடன். பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், ஓ.எம்.ஆர். கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளை நம்பி நடக்கும் தொழில் இது. ஒரு பையோடு வந்து, ஆதாரைக் காட்டி, ஒரு மாத வாடகையும் கொஞ்சம் அட்வான்ஸும் கொடுத்தால் அன்று இரவே கட்டில் கிடைத்துவிடும். வாடகைக்கு வீடு என்றால் கதை வேறு. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் "வீடு இப்பத்தான் போயிடுச்சு" என்று பதில் வாங்கிய அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. ஆனாலும் ஹாஸ்டலில் ஒரு கட்டில் கிடைக்காமல் போனதில்லை.

இதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பும்போது அதே கணக்கில்தான் கிளம்புகிறான். "அங்கேயும் ஒரு பிஜி பாத்துக்கலாம்" என்கிறான். அங்கே கணக்கு வேறு என்பது இறங்கிய பிறகுதான் தெரிகிறது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். நம் பகுதிப் பையன் ஒருவனுக்குத் துபாயில் மாதம் 3,500 திர்ஹம் சம்பளத்தில் கணக்கர் வேலை. ஒப்பந்தத்தில் தங்குமிடம் தனியாகத் தரப்படாது, சம்பளத்துக்குள் அடக்கம் என்று எழுதியிருக்கிறது. நம் பணத்தில் எண்பதாயிரம் ரூபாய் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

துபாயில் வீட்டு வாடகை ஆண்டுக் கணக்கில் பேசப்படுகிறது. ஆண்டு வாடகை முழுவதையும் ஒரே காசோலையாகவோ இரண்டு, நான்கு காசோலைகளாகவோ முன்தேதி போட்டுக் கொடுக்க வேண்டும். சின்ன ஸ்டுடியோ ஒன்றுக்கு ஆண்டு வாடகை 40,000 திர்ஹம் என்றே வைத்துக்கொள்வோம். நான்கு காசோலைக்கு உரிமையாளர் ஒப்புக்கொண்டால் முதல் தவணை 10,000. டெபாசிட் ஐந்து சதவீதம், 2,000. தரகருக்கு ஐந்து சதவீதம், இன்னொரு 2,000. மின்சாரம், தண்ணீருக்கு 'தேவா' நிறுவனத்தில் கட்ட வேண்டிய வைப்புத்தொகை 2,000. ஆக மொத்தம் 16,000 திர்ஹம். ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று போட்டாலும் 3 லட்சத்து 68 ஆயிரம் ரூபாய். முதல் சம்பளமே வாங்காதவனிடம் இது இருக்காது.

பணம் இருந்தாலும் அவனால் வீடு எடுக்க முடியாது என்பதுதான் இதைவிடப் பெரிய சிக்கல். வாடகை ஒப்பந்தத்தை 'இஜாரி'யில் பதிய வேண்டும். அதற்கு எமிரேட்ஸ் ஐடி கேட்பார்கள். எமிரேட்ஸ் ஐடி கைக்கு வர மருத்துவப் பரிசோதனை, கைரேகை எல்லாம் முடிய வேண்டும். அது வந்த பிறகுதான் வங்கிக் கணக்கு, அதற்கும் பிறகுதான் காசோலைப் புத்தகம். வீட்டுக்குக் காசோலை வேண்டும், காசோலைக்கு ஐடி வேண்டும், ஐடி வரும்வரை படுக்க இடம் வேண்டும். முறைப்படி விசா எடுத்து, முறைப்படி போனவனுக்கே முதல் சில வாரங்களுக்கு முறையான வீட்டுக்கு வழியில்லை.

ஓட்டலில் தங்கலாமே என்றால், நாளுக்கு 150 திர்ஹம் என்று மலிவாகவே பிடித்தாலும் முப்பது நாளுக்கு 4,500. சம்பளத்தைவிட அதிகம். குறுகிய காலத்துக்கு வீடு வாடகைக்கு விடுவோரும் இருக்கிறார்கள். 'ஹாலிடே ஹோம்' என்ற பெயரில் துபாய் பொருளாதார, சுற்றுலாத் துறையின் அனுமதி பெற்றுத்தான் அதைச் செய்ய முடியும். அது சுற்றுலாப் பயணிகளுக்கான விலை. மிச்சமிருப்பது பெட் ஸ்பேஸ்.

பெட் ஸ்பேஸ் என்றால் என்னவென்று வளைகுடாவில் இருந்து வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேராவிலோ சத்வாவிலோ ஒருவர் இரண்டு படுக்கையறை வீட்டை ஆண்டு ஒப்பந்தத்தில் எடுப்பார். ஹாலை பிளைவுட்டாலோ ஜிப்சம் பலகையாலோ தடுப்பார். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் அடுக்குக் கட்டில். கீழ்க் கட்டிலுக்கு ஒரு விலை, மேல் கட்டிலுக்கு ஒரு விலை. கட்டிலைச் சுற்றி ஒரு திரை; அந்தத் திரைக்குள் இருப்பதுதான் உங்கள் வீடு. குளிக்க வரிசை, சமைக்க நேரம், செருப்பு வைக்க இடம் எல்லாவற்றுக்கும் சண்டை வரும், சமாதானமும் வரும். மாதம் 600 முதல் 1,000 திர்ஹத்துக்குள் முடிந்துவிடும். பல்லாயிரம் குடும்பங்கள் இந்தக் கட்டில்களில் மிச்சம் பிடித்த பணத்தில்தான் இங்கே எழுந்தன என்பதை மறக்கக் கூடாது.

சட்டத்தின் கண்ணில் இந்தக் கட்டில் எங்கே நிற்கிறது? துபாயின் 2007ஆம் ஆண்டு 26ஆம் எண் வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வாடகைதாரர் உள்வாடகைக்கு விட முடியாது. 2022 செப்டம்பரில் துபாய் நிலத்துறை, ஒரு வீட்டில் உடன் தங்கும் ஒவ்வொருவரின் பெயரையும் செயலியில் பதியச் சொன்னது. 2025 ஜூனில் துபாய் மாநகராட்சி அல் ரிக்கா, அல் முரக்கபாத், சத்வா, அல் பர்ஷா, அல் ரஃபா பகுதிகளில் அனுமதியில்லாத தடுப்பறைகள் மீது நடவடிக்கையைத் தொடங்கியது. தடுப்புகள் அகற்றப்பட்டன, பலர் கட்டிலையும் பையையும் தூக்கிக்கொண்டு அடுத்த இடம் தேடினார்கள்.

மாநகராட்சியின் நடவடிக்கையைத் தவறு என்று சொல்ல முடியாது. 2023 ஏப்ரல் 15, நோன்பு மாதம், சனிக்கிழமை நண்பகல். தேராவின் அல் ராஸ் பகுதியில் ஒரு குடியிருப்பின் நான்காம் மாடியில் தீப்பிடித்து 16 பேர் உயிரிழந்தார்கள். கட்டடத்தில் பாதுகாப்பு விதிகள் சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று தீயணைப்புத் துறையே சொன்னது. இறந்தவர்களில் நான்கு பேர் இந்தியர்கள். அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த தமிழ்நாட்டுக்காரர்கள் இருவர், கேரளத் தம்பதி இருவர். அன்று விஷு. அந்தத் தம்பதி தங்கள் பண்டிகைச் சமையலை, நோன்பிருந்த முஸ்லிம் அண்டை வீட்டாருக்கும் இஃப்தாருக்குத் தருவதற்காகத் தயார் செய்துகொண்டிருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. நெருக்கியடித்து வாழும் அந்தக் கட்டடங்களில் இப்படியும் ஒரு வாழ்க்கை இருந்தது.

ஆனால் தடுப்பை அகற்றியவர்கள், அந்த விலைக்கு வேறு எங்கே கட்டில் கிடைக்கும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. மலிவான கட்டில் தேவைப்படுகிறவர்கள் குறையவில்லை. ஒரு தெருவில் மூடினால் இன்னொரு தெருவில் திறக்கிறது. அங்கே போய்ச் சேருபவன் ரசீது கேட்கும் நிலையில் இருப்பதில்லை. நாளை மறுநாள் காலி செய்யச் சொன்னால் டெபாசிட்டைத் திரும்பக் கேட்கவும் அவனிடம் காகிதம் இருக்காது.

சரி, கம்பெனியே தங்குமிடம் தந்தால் பிரச்சினை தீர்ந்ததா? குவைத்துக்கு வருவோம். மங்கஃப் பகுதியில் இருந்த அந்தக் கட்டடம் கம்பெனி தந்த தங்குமிடம்தான். ஒரே நிறுவனத்தின் தொழிலாளர்கள் 190க்கும் மேற்பட்டோர் அதில் தங்கியிருந்தார்கள். 2024 ஜூன் 12 அதிகாலை, எல்லோரும் தூங்கும் நேரத்தில் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. அறைகளைத் தடுத்திருந்த பொருள்கள் எளிதில் எரியக் கூடியவை. மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. தீயைவிடப் புகைதான் அதிகம் பேரைக் கொன்றது. ஏறக்குறைய ஐம்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஜூன் 14 அன்று இந்திய விமானப் படை விமானம் 45 உடல்களைச் சுமந்து கொச்சியில் இறங்கியது. அதில் ஏழு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள், சென்னை ராயபுரம் முதல் ராமநாதபுரம் மாவட்டம் வரை. அன்றைய அமைச்சர் செஞ்சி மஸ்தான் கொச்சிக்கே போய் உடல்களைப் பெற்றுக்கொண்டு வந்தார். முதல்வர் ஸ்டாலின் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் அறிவித்தார்.

குவைத்தின் துணைப் பிரதமர் சம்பவ இடத்துக்கு வந்து, கட்டட உரிமையாளர்களின் பேராசைதான் இதற்குக் காரணம் என்று சாடினார். உண்மைதான். ஆனால் பேராசைக்குச் சந்தை இருக்கிறது. ஒரு தலைக்கு எவ்வளவு குறைத்துத் தங்க வைக்கலாம் என்று நிறுவனம் கணக்குப் போடும்போது, அந்தக் கணக்கைக் கேட்க ஆள் இல்லை. தொழிலாளி தானாகக் கேட்க மாட்டான்; அவனை அனுப்பி வைக்கும் ஏஜென்ட் கேட்க மாட்டார். ஒப்பந்தத்தில் "தங்குமிடம்: உண்டு" என்ற ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ஓர் அறைக்கு எத்தனை பேர், எந்தப் பகுதி, இரண்டாவது வெளிவழி உண்டா என்று அந்த வரியில் எதுவும் இருப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் அங்கேயும் ஓட்டை தெரிகிறது. ஐக்கிய அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் முதலாளிக்கு மூன்று வழிகளைத் தருகிறது. அனுமதி பெற்ற தங்குமிடம் தரலாம். அதற்குப் பதில் பணமாகத் தரலாம். அல்லது அது சம்பளத்துக்குள்ளேயே அடக்கம் என்று எழுதிவிடலாம். கட்டாயமாகத் தங்குமிடம் தந்தாக வேண்டும் என்பது ஐம்பது தொழிலாளர்களுக்குக் குறையாத நிறுவனங்களில், குறைந்த சம்பளக்காரர்களுக்குத்தான். நம் மக்கள் அதிகம் வேலை பார்க்கும் இடங்கள் எவை? கஃபேட்டீரியா, பக்காலா, மொபைல் கடை, டைப்பிங் சென்டர், சின்ன டிரேடிங் கம்பெனி. பத்துப் பேர், பதினைந்து பேர் வேலை பார்க்கும் இடங்கள். ஐம்பது பேர் கணக்கில் இவை வருவதே இல்லை. பட்டம் படித்துவிட்டு மூன்றாயிரம், நான்காயிரம் திர்ஹத்துக்குப் போகிறவனும் வருவதில்லை. லேபர் கேம்ப்புக்கு அவன் அதிகம் படித்தவன். தனி வீட்டுக்கு அவன் குறைந்த சம்பளக்காரன். நடுவில் விழுகிறவன் இவன்தான்.

முன்னெல்லாம் இந்த நடுப்பள்ளத்தை எது நிரப்பியது? ஊர்.

அதிராம்பட்டினத்துக்காரரோ, காயல்பட்டினத்துக்காரரோ, லால்பேட்டைக்காரரோ, கீழக்கரைக்காரரோ துபாயில் இறங்கினால் போய்ச் சேர ஊர்க்காரர் ரூம் என்று ஒன்று இருக்கும். விமான நிலையத்துக்கு யாராவது வருவார்கள். ரூமில் கட்டில் காலியில்லை என்றால் தரையில் பாய் விரியும். முதல் சம்பளம் வரும்வரை வாடகைப் பங்கும் மெஸ் பணமும் கணக்கில் எழுதிக்கொள்ளப்படும், கையில் கேட்க மாட்டார்கள். சமையல் முறை வரும்போது சமைக்க வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கம்பெனிக்காரன் சம்பளம் ஒழுங்காகத் தருவான், எவனிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அந்த ரூமில்தான் தெரியவரும். சபராளிகளின் பல்கலைக்கழகம் என்றே அதைச் சொல்லலாம்.

இது வளைகுடாவோடு தொடங்கியதும் இல்லை. கடையநல்லூர், தென்காசி மக்கள் சிங்கப்பூருக்குப் போனபோதும் ஊராகத்தான் போனார்கள், ஊராகத்தான் ஒதுங்கினார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இலேயே தொடங்கிவிட்டது. சென்னையிலும் அப்படித்தான். விசா ஸ்டாம்பிங்குக்கும் மெடிக்கலுக்கும் தெற்கிலிருந்து வந்தவர்கள் மண்ணடியிலும் திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலும் ஊர்க்காரர் அறையில் ஒட்டிக்கொண்டுதான் விமானம் ஏறினார்கள். கையில் பணம் இல்லாதவன் வெளிநாடு போகக் கூடிய ஒரே வழி இதுதான். குறைந்த செலவு, குறுகிய காலம், நம்பகம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன.

மேடவாக்கத்துப் பையனுக்கு இந்த ஊர் எது?

இதைத்தான் நாம் யோசிக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. மேடவாக்கம், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, கோவிலம்பாக்கம், சேலையூர், தாம்பரம் எங்கும் இருக்கும் நம் ஜமாஅத்களில் வெள்ளிக்கிழமை தொழுகைக்கு நிற்கும் ஒரு வரிசையில் பத்து மாவட்டத்துக்காரர்கள் இருப்பார்கள். இருபது, இருபத்தைந்து வருடங்களுக்கு முன் மனை மலிவாகக் கிடைத்தபோது வந்து குடியேறியவர்கள். வாப்பாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம், உம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம், பிள்ளை பிறந்து படித்தது இங்கே. அவனுக்கு வாப்பாவின் ஊரில் கல்யாணத்துக்குப் போன பழக்கம் மட்டும்தான். துபாயில் அந்த ஊர் ரூம் இருந்தாலும் அங்கே இவனை யாருக்கும் தெரியாது. "மேடவாக்கத்துக்காரர் ரூம்" என்று எந்த நாட்டிலும் ஒன்று இல்லை. நகரத்துக்கு வந்து படிப்பு, வசதி, ஆங்கிலம் எல்லாம் சம்பாதித்தோம். பிள்ளைக்குப் பாய் விரிக்கும் அந்த ஓர் அறையை மட்டும் இழந்துவிட்டோம்.

பெரிய ஐ.டி. கம்பெனி மூலம் ஆன்சைட் போகிறவர்களுக்கு இந்தக் குறை தெரியாது. முதல் இரண்டு வாரமோ ஒரு மாதமோ கம்பெனியே ஓட்டலிலோ சர்வீஸ் அபார்ட்மென்ட்டிலோ தங்க வைக்கும். அதற்குள் வீடு பார்த்துவிடலாம். தானாக வேலை தேடிப் போகிறவனுக்குத்தான் அந்த ஒரு மாதம் இல்லை.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு வேறு விதமான சிக்கல். அங்கே தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. வீவக அடுக்குமாடி வீடென்றால் குறைந்தது ஆறு மாதம். பத்து நாளைக்கு, இருபது நாளைக்கு என்று யாராவது வீட்டறை விளம்பரம் செய்தால் அது சட்டத்துக்குப் புறம்பானது. மாட்டினால் விட்டவருக்கு மட்டுமல்ல, தங்கியவருக்கும் நிம்மதி போகும். அனுமதி பெற்ற ஓட்டலும் ஹாஸ்டலும்தான் வழி. லிட்டில் இந்தியாவைச் சுற்றிக் கட்டில் கணக்கில் தரும் ஹாஸ்டல்கள் இருக்கின்றன. உறவினர் அல்லாதவர்கள் ஒரு வீவக வீட்டில் ஆறு பேர் வரை தங்கலாம் என்றிருந்ததை, வாடகை ஏறியதால் 2024 ஜனவரி முதல் பெரிய வீடுகளுக்கு எட்டுப் பேர் என்று தற்காலிகமாக உயர்த்தினார்கள். கட்டுமானம், கப்பல் பட்டறை வேலைக்கு வொர்க் பெர்மிட்டில் போகும் நம்மவர்களுக்கு வீவக வீடே கிடையாது, டார்மிட்டரிதான். 2020இல் கொரோனா அந்த டார்மிட்டரிகளுக்குள் புகுந்தபோது, அங்கிருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தொற்று வந்துபோனதாக அந்த ஆண்டின் இறுதியில் அரசே கணக்குச் சொன்னது. அதன் பிறகுதான் ஓர் அறைக்கு எத்தனை பேர் என்ற வரம்பு கடுமையானது.

இத்தனைக்கும் நடுவே விசிட் விசாவில் வேலை தேடிப் போகும் வழக்கம் ஓயவில்லை. அமீரகத்தில் 2024 மே மாதத்திலிருந்து விசிட் விசாக்காரர்களிடம் திரும்பும் டிக்கெட், 3,000 திர்ஹம் கைப்பணம், தங்குமிடத்துக்கான ஆதாரம் மூன்றையும் விமான நிலையத்தில் கண்டிப்பாகக் கேட்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டின் கடைசியில் விசா விண்ணப்பத்தோடே ஓட்டல் புக்கிங்கை இணைக்கச் சொன்னார்கள். உடனே நம் ஏஜென்ட்கள் சிலர் கண்டுபிடித்த வழி டம்மி புக்கிங். விசா கிடைத்ததும் ரத்து செய்துவிடுவார்கள். கவுண்ட்டரில் அதிகாரி ஓட்டலுக்கு ஒரு போன் போட்டால் பையன் அடுத்த விமானத்தில் மீனம்பாக்கம் திரும்பிவிடுவான். உள்ளே போய்விட்டாலும் அன்றிரவு படுக்க இடம் இல்லை என்ற உண்மை மாறாது. விசிட் விசாவில் வேலை பார்ப்பது குற்றம்; அப்படி வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இந்த வழியில் போகிறவர் இந்திய அரசின் இ-மைக்ரேட் பதிவிலும் இருக்க மாட்டார். 275 ரூபாய்க்கு இரண்டு வருடம் பத்து லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவும் பெரும்பாலும் அவர் கையில் இருக்காது.

ஆகவே கையெழுத்துப் போடும் முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். தங்குமிடம் கம்பெனி தருகிறதா, பணமாகத் தருகிறதா, சம்பளத்துக்குள் அடக்கமா? தருவதென்றால் எந்தப் பகுதி, அறைக்கு எத்தனை பேர்? தராவிட்டால் எமிரேட்ஸ் ஐடி வரும்வரை ஒரு மாதத்துக்குக் கெஸ்ட் ஹவுஸ் தர முடியுமா, அல்லது முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகத் தர முடியுமா? கடைசிக் கேள்வியைப் பலர் வெட்கப்பட்டுக் கேட்பதே இல்லை. சின்னக் கம்பெனிகள்கூடக் கேட்டால் தருவதுண்டு. பதிலை வாட்ஸ்அப்பில் குரலாக வாங்காமல் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்குங்கள்.

பெட் ஸ்பேஸ்தான் கதி என்றால் அதையும் கண்ணைத் திறந்துகொண்டு எடுங்கள். இங்கிருந்தே போட்டோவைப் பார்த்து டெபாசிட் அனுப்பாதீர்கள். அழகான அறை, குறைந்த விலை, "இன்னைக்கே அனுப்பினாத்தான்" என்ற அவசரம் மூன்றும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் மோசடி. நேரில் போய்ப் பாருங்கள். வீட்டை எடுத்தவர் பெயரில் இஜாரி இருக்கிறதா, உங்கள் பெயரை உடன் தங்குபவராகப் பதிவாரா என்று கேளுங்கள். பதிய மாட்டேன் என்றால் அந்த இடத்துக்கு எப்போது வேண்டுமானாலும் ஆய்வாளர் வரலாம் என்று பொருள். கட்டிலிலிருந்து வாசலுக்கு இருட்டில் நடந்து போக முடியுமா, ஜன்னல் திறக்கிறதா, மாடிப்படிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் பாஸ்போர்ட்டை மட்டும் அடமானமாகக் கொடுக்காதீர்கள்.

இதெல்லாம் போகிறவர் செய்ய வேண்டியது. நம் ஜமாஅத்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. புறநகர்ப் பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும் மஹல்லாவைச் சேர்ந்த யார் யார் எந்த நாட்டில், எந்தப் பகுதியில் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டு இருந்தால் போதும். விடுமுறையில் வருகிறவர்களிடம் கேட்டு எழுதி, வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். வாப்பாவின் ஊர் எது என்று பார்க்காமல், "இவர் எங்கள் பள்ளிவாசல் பிள்ளை, ஒரு மாதம் இடம் பார்த்துக் கொடுங்கள்" என்று நிர்வாகி ஒரு போன் செய்தால், பத்து மாவட்டத்துக்காரர்கள் சேர்ந்த இந்த ஜமாஅத்துக்கும் அங்கே ஒரு ரூம் உண்டாகும். மேடவாக்கத்தில் மட்டும் தொடங்கினால் பெயர்கள் குறைவாக இருக்கலாம். தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை வரையுள்ள ஜமாஅத்கள் சேர்ந்து ஒரே நோட்டாக வைத்தால் அமீரகம், கத்தார், சவூதி, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் அதில் வந்துவிடும்.

இன்னொன்று பணம். பல ஊர்களில் பைத்துல்மால் வட்டியில்லாக் கடன் தருகிறது. திருமணத்துக்கும், மருத்துவத்துக்கும், கல்விக்கும் தருகிறார்கள். புறப்படுகிறவரின் முதல் மாதத்துக்கு என்று யாரும் தனியாக ஒதுக்குவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒழுங்கான இடத்தில் ஒரு கட்டிலுக்கு 800 திர்ஹம், டெபாசிட் 300, சாப்பாடு 500. மொத்தம் 1,600 திர்ஹம், நம் பணத்தில் 40,000 ரூபாய்க்குள். வருடத்துக்குப் பத்துப் பேருக்குக் கொடுத்தால் நான்கு லட்சம். அது தர்மம் அல்ல, கடன். நான்கைந்து சம்பளங்களில் திரும்பி வரும். வந்த பணம் அடுத்தவருக்குப் போகும். ஒரு தெருவில் நான்கு வளைகுடா வீடுகள் சேர்ந்தால் திரட்டிவிடக் கூடிய தொகைதான்.